ஒன்று புள்ளி ஒன்று பூஜ்ஜியம்

ஜனவரி 6, திங்கள்

ஆய்வுக் குழு வந்து போனது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கடைசி நான்கு நிமிடங்களைத் தவிர.

காலையிலிருந்தே பள்ளி நன்றாக நடித்தது. கழிப்பறையில் தண்ணீர் வந்தது. ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு பேசாமல் இருந்தது. தலைமையாசிரியர் ஞானதிரவியம், மகன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் வந்திருந்தார். குழுத் தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் வந்தபோது மணி மூன்றேகால்.

என் செயல்விளக்கப் பதிவேட்டை மேசைமேல் வைத்திருந்தேன். மாணவர்கள் முன்னால் ஆசிரியர் எந்தச் செய்முறையைச் செய்து காட்டினார், என்ன அளவு வந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைக்கும் ஏடு அது. அட்டை போட்டு, லேபிள் ஒட்டியிருந்தேன். குங்குமம் மட்டும்தான் வைக்கவில்லை.

அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு பின்னோக்கிப் புரட்டினார். ஆய்வுக்கு வருகிறவர்கள் பொதுவாகப் பின்னோக்கிப் புரட்டுவதில்லை.

“டேனியல் மின்கலம். போன வருஷம் 1.10 வோல்ட். அதுக்கு முந்தின வருஷம் 1.10. 2015-லயும் 1.10. 2003-லயும் 1.10.”

“ஆமாம் மேடம்.”

“இருபத்திரண்டு வருஷமா ஒரு புள்ளிகூட மாறல.”

“ஆமாம் மேடம்.”

“எல்லா வருஷமும் கடைசியில, ‘மாணவர்கள் கண்டு மகிழ்ந்தனர்.’”

“மகிழ்ந்தாங்க மேடம்.”

“இவ்வளவு துல்லியத்தை நான் எந்தக் கல்லூரியிலயும் பாத்ததில்ல சார்.”

இது பாராட்டா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “இருபத்திநாலாம் தேதி மறுபடியும் இந்தப் பக்கம் வருவோம். இந்தக் கலத்தை மட்டும் எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்றார். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு டிக் போட்டார்.

கார் போன பிறகு ஞானதிரவியம் என் தோளைத் தட்டினார். “பாத்தியளா கோமதிநாயகம் சார், அசந்துட்டாவ!”

எனக்கு மே 31-இல் பணி ஓய்வு. இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதியச் சொல்லியிருந்தாள் மனைவி செண்பகம். பதிந்துவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

வயது முடிந்தால் அரசு ஊழியர் ஓய்வு பெற்றுவிடுவார் என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஓய்வு பெற அனுமதிக்க வேண்டும். கடைசி நாள் மாலை, சால்வையும் மாலையும் வந்து சேர்ந்த வேளையில், ‘ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை’ என்று ஓர் உறையும் வந்து சேரலாம். அதன் பிறகு விசாரணை முடியும் வரை ஓய்வூதியம் கிடையாது. விசாரணைக்கு ஓய்வே கிடையாது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு வணிகவியல் ஆசிரியர், நடக்காத சேவை முகாமை நடந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார். அவருக்காக வாங்கிய மாலையைக் கடைசியில் காந்தி படத்துக்குப் போட்டார்கள். இதற்குரிய விதியின் எண் பதினேழு-பி. ஆசிரியர் அறையில் கடவுளைக்கூட உரக்கக் கூப்பிடுவோம். இந்த எண்ணை மெதுவாகத்தான் சொல்வோம்.

என் விஷயம் வேறு. நான் பொய் எழுதவில்லை. துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்த கலத்தின் மின்னழுத்தம் 1.10 வோல்ட் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட உண்மை. அந்த உண்மை எங்கள் ஆய்வகத்தில் நிகழ்ந்ததா என்பது தனிக் கேள்வி.

ஜனவரி 8, புதன்

ஆவுடையம்மாளை அழைத்தேன். எங்கள் ஆய்வக உதவியாளர். கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் 2009-இல் வேலைக்கு வந்தவர். கண்ணாடிச் சாமான்களை அவரைவிட நன்றாகக் கழுவக்கூடியவர் இந்த மாவட்டத்தில் இல்லை.

“ஆவுடையம்மா, டேனியல் செல் சாமானெல்லாம் எடுத்து வையுங்க.”

“எந்த செல் சார்?”

“வருஷா வருஷம் செய்வோமே.”

“நாம எப்ப சார் செஞ்சோம்?”

“பதிவேட்டுல உங்க கையெழுத்தும் இருக்கு.”

“நீங்க போடச் சொன்ன எடத்துல போடுதேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் எங்க பாத்தேன்?” பிறகு குரல் இறங்கியது. “ஏன் சார், நானும் மாட்டுவனா? எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் கெடக்கு.”

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். பிறகு இருவரும் தேடினோம். தாமிர சல்பேட் மூன்று புட்டி. கண்காட்சிக்கு அழகாக இருக்கும் என்று எல்லாரும் அதையே வாங்கி வைத்திருக்கிறார்கள். துத்தநாக சல்பேட் புட்டிக்குள் கல்லாகிவிட்டிருந்தது. பொட்டாசியம் குளோரைடு புட்டியில் லேபிள் மட்டும் மீதி. தாமிரத் தகடு தராசு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது. எடுத்ததும் மேசை ஆட ஆரம்பித்தது. இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வோல்ட்மீட்டர் மூன்று வாங்கி வந்தோம். அவற்றில் ஒன்றுக்கு உயிர் இருந்தது.

ஜனவரி 10, வெள்ளி

கலத்தின் தத்துவம் எளிது. கரும்பலகையில் இருபத்தேழு ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறேன்.

துத்தநாகத்துக்கு எலக்ட்ரான்களை வைத்துக்கொள்ளத் தெரியாது, கொடுத்துவிடும். கரைசலில் இருக்கும் தாமிர அயனிக்கு அவை வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் அங்கேயே கொடுத்து வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிடும். நமக்கு ஒரு பயனும் இல்லை, கொஞ்சம் சூடு தவிர. எனவே இரண்டையும் பிரித்து இரண்டு முகவைகளில் உட்கார வைத்து, எலக்ட்ரான்கள் கம்பி வழியாகத்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறோம். நேரில் பேசி முடிக்கக்கூடிய இருவரை இரண்டு அலுவலகங்களில் அமர்த்திக் கோப்பு வழியாகப் பேச வைப்பது போல. நடுவில் கோப்பைச் சுமப்பவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. மின்னோட்டம் என்பது அந்த வேலைதான்.

ஆனால் இது ஒரு கணம்கூட ஓடாது. துத்தநாகப் பக்கம் நேர்மின்சுமை சேரும்; தாமிரப் பக்கம் எதிர்மின்சுமை மிஞ்சும்; போக்குவரத்து நின்றுவிடும். அதற்காகத்தான் இரு முகவைகளுக்கும் இடையே உப்புப் பாலம். இரு பக்கமும் தேவையான அயனிகளை அனுப்பிச் சமன் செய்துகொண்டே இருக்கும். தனக்கென்று எதுவும் கேட்காது. அரசுத் துறையில் இதற்கு இணையான பதவி இல்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். மாலையில் வடிதாளைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்துப் பாலமாகப் போட்டு, கம்பிகளை மாட்டினேன். முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

“என்ன சார், கடன்ல போயிட்டு?” என்றார் ஆவுடையம்மாள்.

சிவப்புக் கம்பியைத் துத்தநாகத்தில் மாட்டியிருந்தேன். இந்தக் கலத்தில் துத்தநாகம்தான் எதிர்முனை என்று ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டுச் சொல்லித் தருவேன். மாற்றி மாட்டினேன். 0.41. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 0.30.

கொஞ்சம் வியர்த்தது. ஆய்வகத்தில் மின்விசிறி ஓடவில்லை.

ஜனவரி 11, சனி

மின்னழுத்தம் 0.38. இரத்த அழுத்தம் 160/100. இரண்டும் புத்தகத்தில் உள்ள அளவில் இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். துத்தநாகத் தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். மேலே படிந்திருக்கும் ஆக்சைடை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் அளவு கூடலாம். பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது செண்பகம் வந்து நின்றாள்.

“பொங்கலுக்கு வெங்கலப் பானையத் தேய்ங்கன்னு சொன்னா, தகரத்தத் தேய்ச்சிட்டு இருக்கிய.”

“இது துத்தநாகம்.”

“எதுவா இருந்தா என்ன, இதுலயா பொங்கல் வைக்கப் போறோம்? ஒங்களுக்கு என்னதான் ஆச்சு? நேத்துத் தூக்கத்துல ‘மேடம், மேடம்’னு ஒரே பொலம்பல். எந்த மேடம்?”

ஆய்வு மேடம் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வேறு மேடமாக இருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை போலிருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. எல்லாரும் கண்டு மகிழ்ந்தனர். இதை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

விடுமுறை முடிந்தது. தேய்த்த தகட்டுடன் செய்து பார்த்தேன். 0.62 வரை ஏறியது. இரண்டு நிமிடத்தில் 0.45.

ஞானதிரவியம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆறு அவருடைய மேலொப்பம்.

“சார், எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. நான் ஹிஸ்டரி. ஆனா ஒரு பேட்டரிய மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சா முள்ளு ஏறும்லா?”

“ஏறும் சார்.”

“பெறகென்ன? 1.10 வரணும், அதான் முக்கியம். எங்கேருந்து வருதுங்கறத யார் கேக்கப் போறா?” சட்டைப்பையிலிருந்து கடிகார பேட்டரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தன் அறைக் கடிகாரத்திலிருந்து கழற்றியிருக்கிறார். அப்புறம் வாசலில் நின்று, “மேடம் ஃபோன் பண்ணுனாவ. பிள்ளையளோட ரெக்கார்டு நோட்டையும் எடுத்து வைக்கச் சொன்னாவ” என்றார்.

மாணவர் நோட்டுகளில் பிரச்சினை இல்லை. மின்கலம் பற்றிய பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் எல்லா நோட்டிலும் 1.10 இருக்கிறது. ஒன்றைத் தவிர. அதிலும் இருக்கிறது, சிவப்பு மையில், என் கையெழுத்தில்.

ஜனவரி 21, செவ்வாய்

அந்த நோட்டை மட்டும் எடுத்து என் பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். நோட்டுகள் தொலைந்துபோவது உண்டு.

ஹாஜிரா என்ற மாணவியுடையது. இரண்டாம் பெஞ்சு. அக்டோபர் மாதம் எல்லாரும் மின்கலப் பாடத்தை எழுதிக் கொடுத்தார்கள். நான் அளவைச் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள், வழக்கமான முறை. இவள் மட்டும் ‘0.94 வோல்ட்’ என்று எழுதி, பக்கத்தில் ‘முள் ஆடி நின்ற இடம்’ என்று குறிப்பும் போட்டிருந்தாள். நான் அதை அடித்து 1.10 என்று எழுதினேன். பத்துக்கு ஆறு போட்டு, ‘கவனக்குறைவு’ என்றும் எழுதினேன்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆய்வக மேசைக்கு வந்தாள். “சார், நான் பாத்தது இதுதான்.”

“நீ பாத்தது தப்பு” என்றேன். அத்துடன் விட்டிருக்கலாம். “டேனியல் உயிரோட இருந்தா ஒங்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போவார்” என்றும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண் வகுப்பில் கேள்வி கேட்டதில்லை. பாடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்தப் பக்கத்தைக் கிழிப்பது பற்றி நான் யோசிக்கவில்லை. தாள் எந்த இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். நடுவில் தைத்திருக்கிறார்கள். ஒரு தாளை எடுத்தால் இன்னொன்றும் கழன்று வரும்.

மாலையில் 0.51. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஆவுடையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சார், நான் சொன்னா கோவப்படக் கூடாது. ஹாஜிரா புள்ளகிட்டக் கேளுங்களேன்.”

“என்னன்னு?”

“அதுதான் அக்டோபர்ல இதச் செஞ்சுச்சே. சாப்பாட்டு நேரத்துல, மூணு நாளு. நாந்தான் தொறந்து விட்டேன். பாலத்துக்குன்னு வீட்லேருந்து கடப்பாசி கொண்டாந்துச்சு. முள்ளு நல்லா நின்னுச்சு சார், நான் பாத்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எப்ப சார் கேட்டிய?”

ஜனவரி 22, புதன்

ஹாஜிராவை அழைத்தேன். பொதுவாகச் சில நல்ல வார்த்தைகளுடன் தொடங்கலாம் என்றிருந்தேன். அவள் வந்து நின்றதும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

“அந்த உப்புப் பாலம் எப்படிச் செஞ்ச?”

மீண்டும் மார்க் குறையுமா என்று கணக்குப் போடுகிறவள் போல நின்றாள். “கடப்பாசியக் காய்ச்சி, உப்புப் போட்டு, வளைஞ்ச ட்யூபுல ஊத்தி ஆற வைக்கணும் சார். எறுகிரும். நோம்புக்கு உம்மா காய்ச்சுவாங்கல்லா, அதே மாதிரிதான். பாலுக்கும் சீனிக்கும் பதிலா உப்பு.”

“பொட்டாசியம் குளோரைடு இங்க இல்லையே.”

“பொட்டாஷ் உரம் அதான சார்? வாப்பா வேலை பாக்குற உரக்கடையில மூட்டை மூட்டையாக் கெடக்கும். செவப்பா இருக்கும். கரைச்சு வடிகட்டுனா சரியாப் போவும்.”

நான் முதுகலைப் பட்டம் பெற்றவன். எங்கள் ஊரைச் சுற்றி வயலெல்லாம் பொட்டாசியம் குளோரைடைத் தூவுகிறார்கள். ஒரு புட்டிக்காக நான் இரண்டு வாரமாகத் தென்காசிக் கடைகளுக்கு போன் செய்துகொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் கொண்டுவந்தாள். மதியம் மூன்று மணிக்கு அவளும் ஆவுடையம்மாளும் பாலத்தை முகவைகளில் இறக்கினார்கள். நான் கம்பிகளை மாட்டினேன். முள் ஏறியது, ஆடியது, நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தேன். நின்றுகொண்டே இருந்தது. தாமிரத் தகட்டை எடுத்துப் பார்த்தபோது நனைந்த பகுதியில் புதிய தாமிரம் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. எண்ணற்ற முறை வரைந்த படம் ஒன்று நனைந்தபடி கையில் இருந்தது.

0.96.

“1.10 ஏன் வரல?” என்றேன். என் குரல் அதட்டுவது போல இருந்தது. எனக்கு அப்படி நோக்கம் இல்லை.

அவள் முள்ளைப் பார்த்தபடியே சொன்னாள். “வோல்ட்மீட்டரும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும்லா சார். பாலத்துல தடை இருக்கு. அதுல கொஞ்சம் போயிருது போல. கரண்ட் எடுக்காம அளந்தாத்தான் 1.10 வரும்னு நெனைக்கேன்.”

அவள் நினைப்பது சரி. ‘மின்னோட்டம் எடுக்கப்படாத நிலையில் மட்டும்’ என்று நானே ஒவ்வோர் ஆண்டும் குறிப்பு கொடுக்கிறேன். அடைப்புக்குறிக்குள் வரும். மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாக அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

நாளை.

2003-இல், இந்தப் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு, நான் இதைச் செய்தேன். பதிவேட்டின் முதல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்: 1.10-க்கு அடியில் பிளேடால் சுரண்டிய 0.89 இருக்கிறது. அப்போதிருந்த தலைமையாசிரியர் ஏட்டைப் பார்த்துவிட்டு, “ஏன்வே, புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு, நீரு ஒண்ணு எழுதுதீரு. அவன் முட்டாளா, நீரு முட்டாளா?” என்றார். ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு சாமான்களை எடுக்கவில்லை. எடுக்காமலே சரியாக வந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு ஒன்றும் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை, முருங்கைக்காய் முற்றல். கடிகார பேட்டரி சட்டைப்பையில் இருக்கிறது. பயன்படுத்தப் போவதில்லை. இருக்கட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

பதினொன்றரை மணிக்கு வந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முப்பத்தெட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். பாலத்தைத் தூக்கித் தர ஹாஜிரா பக்கத்தில் நின்றாள். தலைமையாசிரியர் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கம் சொன்னேன். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், எலக்ட்ரான் போகும் திசை. கம்பியைக் கவ்வியில் மாட்டும்போது இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை ஹாஜிரா என் விரலுக்குக் கீழே கவ்வியைப் பிடித்துக்கொண்டாள். முள் ஏறி 0.96-இல் நின்றது. பேட்டரியைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் அந்தக் கையால் அதை மாட்டியிருக்க முடியாது.

குழுத் தலைவி குனிந்து பார்த்தார். கண்களைச் சுருக்கினார். நான் பதினேழு-பி உறையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழுப்பு.

“என் கண்ணாடி கார்லயே இருக்கு” என்றார். நிமிர்ந்து, மிகப் பக்கத்தில் நின்ற ஹாஜிராவைப் பார்த்தார். “நீயே படிச்சுச் சொல்லும்மா. எவ்வளவு காட்டுது?”

நோட்டு பீரோவில் இருந்தது. ஆனால் நோட்டு பேசாது, இவள் பேசுவாள். அக்டோபரில் இவளை நான் நிறுத்தி வைத்த அதே மேசை. இவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் என் இருபத்திரண்டு பக்கங்களும் சரியும். அவளுக்கு அந்த உரிமை உண்டு என்றும் எனக்குத் தெரிந்தது.

ஹாஜிரா முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஒன்று புள்ளி ஒன்று பூஜ்ஜியம், மேடம்.”

“வெரி குட்” என்று எழுதிக்கொண்டார் தலைவி. முப்பத்தெட்டுப் பேர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முப்பத்தொன்பதாவதாக நானும். ஞானதிரவியம் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். ரெக்கார்டு நோட்டுகளை யாரும் கேட்கவில்லை. குழு, இட்லி வடை சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பியது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஜனவரி 25, சனி

முடிந்துவிட்டது என்பதால் இன்று நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஹாஜிராவை அழைத்தேன். ஆவுடையம்மாள் முகவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு முள்ளு எங்க நின்னுச்சு?”

“தொண்ணூத்தாறுல சார். 0.96.”

“பெறகு ஏன் 1.10-ன்னு சொன்ன?”

நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்தாள் போல. யோசித்து, சரியான விடையைத் தேடிச் சொன்னாள். “பாத்தது வேற, எழுத வேண்டியது வேறன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்திய. மத்த எல்லாரும் அப்பவே புரிஞ்சிக்கிட்டாங்க. எனக்குத்தான் லேட்டாயிட்டு.”

கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலாகவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அதுவும் போக, ஒங்க கை ரொம்ப ஆடிச்சு சார். பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அதான்.”

சிவப்புப் பேனாவை எடுத்து, நான் எழுதிய 1.10-ஐ அடிக்கப் போனேன். அவள் நோட்டை இழுத்துக்கொண்டாள். “வேண்டாம் சார். ரெண்டு தடவ அடிச்சா நோட்டு அசிங்கமாயிரும். ஃபைனல் பிராக்டிகலுக்கு இதத்தான் காட்டணும்.”

அவள் போன பிறகு ஆவுடையம்மாள் குழாயை மூடினார். “நல்ல புள்ள” என்றார். பிறகு, “பொய்யும் நல்லாச் சொல்லுது சார்” என்றார்.

ஜனவரி 28, செவ்வாய்

மருந்துக் கடை. பால் அட்டை. வகுப்பில் வேறொரு மின்கலத்தின் அளவு என்று ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, இது சரியா என்று கேட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் “சரி சார்” என்றார்கள். அது தவறான எண்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆய்வறிக்கையின் நகல் வந்திருந்தது. ஞானதிரவியம் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

“சார், படிங்க! ‘முன்மாதிரியான ஆசிரியர். டேனியல் மின்கலம் நேரில் செய்து காட்டப்பட்டது. அளவு 1.10 வோல்ட். மற்ற பள்ளிகளும் இம்முறையைப் பின்பற்றலாம்.’ நம்ம முறைய எல்லாரும் பின்பத்தணுமாம்!”

பின்பற்றப் பல பள்ளிகளுக்கு அறிக்கை தேவைப்படாது என்று நினைக்கிறேன். கீழே ஒரு வரி இருந்தது: ‘மேற்கண்ட அளவு என் முன்னிலையில் பெறப்பட்டது.’ ஆசிரியர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பேனாவை எடுத்தேன். 1.10 என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன்.

“சார்! என்ன செய்யுதிய?”

பக்கத்தில் 0.96 என்று எழுதினேன். கீழே இன்னும் இரண்டு வாக்கியங்கள். முந்தைய ஆண்டுகளின் அளவுகள் பாடநூலிலிருந்து என்னால் எழுதப்பட்டவை. ஆய்வக உதவியாளரின் கையெழுத்துகள் என் சொற்படி இடப்பட்டவை. அவருக்கு இதில் பொறுப்பில்லை.

“நாலு மாசம் சார். நாலே மாசம். ஒங்க வீட்ல ஒரு வார்த்த கேட்டியளா?”

“கேக்கல சார்.”

“யாரும் ஒங்களக் கேக்கலயே. கேஸ் முடிஞ்சிட்டே. அந்தப் புள்ளயே 1.10-ன்னு சொல்லிட்டே!”

“அதனாலதான் சார்.”

கையெழுத்துப் போட்டேன். என்னுடைய கையெழுத்து போலவே இல்லை, அவ்வளவு கோணல். ஞானதிரவியம் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இத எப்படியாவது 1.10-ன்னு படிக்க வழியிருக்கா சார்?”

“இல்ல சார். தெளிவா இருக்கு.”

மாலை ஐந்து மணிக்கு அதைக் குழுத் தலைவிக்குப் பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன். வழியில் வெண்டைக்காய் வாங்கச் சொல்லியிருந்தாள் செண்பகம், மறந்துவிட்டேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் அடுக்களையில் இருக்கிறாள். இதை எழுதி முடித்ததும் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது.